ஜெர்மன் படை ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்த சனிக்கிழமை

என் சம்பந்தி ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த பிறகும் நானும் அப்படித்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் லண்டனின் மேற்குப் பக்கம் வெஸ்ட் ஈலிங் போய் முதலாம் உலகப் போரை வேறு மாதிரி நடத்திவிட்டு வந்தோம்.

அங்கே ஒரு சேர்ச் மண்டபத்தில் மாதம் ஒருமுறை மூன்று பேர் கூடுகிறார்கள். பெரிய மேசையில் ஐரோப்பா வரைபடம், படைகளுக்குப் பதிலாக மரக்கட்டைகள். பழைய போர்களை மறுபடி விளையாடுவார்கள். நாலாவது இடம் காலி. ஒரு நாள் விளையாடிய பிறகு மூவரும் கை தூக்கினால்தான் அந்த இடம் கிடைக்கும். பேச ஆளில்லாமல் டிவிச் செய்திக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அது கட்டாயம் வேண்டும். அவருக்குக் கிடைத்தது 1914, ஜெர்மனி. கட்டை நகர்த்த ஓர் ஆள் தேவை என்றதால் நான். வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை.

எங்கள் வீட்டுப் பக்கம் கோலியர்ஸ் வுட்டில் நொதர்ன் லைன் ரயில். கெனிங்டனில் ரயில் மாறி டொட்டன்ஹாம் கோர்ட் ரோட். அங்கிருந்து எலிசபெத் லைன். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம். முதியோர் பாஸ் இருந்தால் செலவில்லை. ஸ்டேஷனிலிருந்து மண்டபம் அரை மைல். என் முழங்காலுக்குப் பதினைந்து நிமிடம்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். விளையாட்டு பத்துக்கே தொடங்கியிருந்தது. நோட்டீஸில் பத்து என்றுதான் இருந்தது, நான்தான் மாஸ்டருக்குப் பதினொன்றரை என்று சொன்னேன். லண்டனில் முப்பது வருடமாக நான் போன எந்தக் கலியாணமும், பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சாமத்தியவீடும் கார்டில் போட்ட நேரத்துக்குத் தொடங்கியதில்லை. வெள்ளைக்காரரும் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அங்கே பிந்தியவரின் படை முகாமிலேயே நிற்கும். மாஸ்டர் மூன்று மாதமாக நிறப்பென்சிலால் கீறிய திட்டமோ நேர அட்டவணையில் நிற்பது: பெல்ஜியத்துக்குள்ளால் பாய்ந்து, ஆறு வாரத்தில் பாரிஸைப் பிடித்து, பிறகு ரஷ்யாவுக்குத் திரும்புவது. உண்மையான ஜெனரல்களும் அப்படித்தான் போய் பாரிஸுக்குக் கிட்டத்தில் மாட்டிக்கொண்டார்களாம். எங்களுக்கு அதுவும் இல்லை. பிரான்ஸ் நடத்தும் ஜூடி என்ற மருத்துவிச்சி பெல்ஜிய எல்லையோரம் படையைக் குவித்துவிட்டார். ரஷ்யா நடத்தும் செயலாளர் கிரஹம் கிழக்கே எங்கள் மண்ணுக்குள் வந்துவிட்டார்.

மாஸ்டர் ஃபைலை மூடினார். "எல்லாம் முடிஞ்சுது. உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தன் பாருங்கோ."

"மாஸ்டர், மேற்கால வழி அடைச்சிருந்தா கிழக்கால போவம். பாரிஸில எங்களுக்கு என்ன, சொந்தக்காரரே இருக்கினம்?"

"உங்கட மச்சான் இருக்கிறார்."

"அதாலதான் சொல்லுறன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேற்கு எல்லை மலைகளில் கொஞ்சப் படையைப் பதுங்குகுழி வெட்டி இருக்கச் சொன்னார். மிச்சம் எல்லாம் ரயிலேறிக் கிழக்கே போனது. பெல்ஜியத்தைத் தொடவேயில்லை.

இதனால் ஒருவருக்கு வேலை போய்விட்டது. பிரிட்டனை நடத்துபவர் கென், ஓய்வுபெற்ற பிளம்பர். யாராவது பெல்ஜியத்துக்குள் கால் வைத்தால்தான் அவர் சண்டைக்கு வரலாம் என்பது அன்றைய விதி. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கட்டையை எல்லைக்கோடு வரை மெல்லத் தள்ளுவேன், கென் எழும்புவார், நான் திரும்ப இழுப்பேன். நாலாம் தரம் மாஸ்டர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "அவரும் கை தூக்க வேணும் அண்ணை," என்றார் பல்லைக் கடித்து. பிறகு கென்னிடம் என் மட்டன் ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன். ஐந்து சாப்பிட்டார்.

நாலரைக்கு ஆட்டம் முடிந்தது. ரஷ்யா பின்வாங்கிவிட்டது, ஜூடி மலையடியில் மூச்சு வாங்கினார், பாரிஸில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஜூடி கை தூக்கினார். கிரஹம் தூக்கினார். கென் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். பகிடி விட்ட என் விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கென் மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய பூட்டன் உண்மையான அந்தப் போரின் முதல் மாதமே கப்பலேறிப் போய்த் திரும்பி வராதவராம். இந்த மேசையில் எத்தனையோ தரம் அவரை அனுப்பியாயிற்றாம். இன்றைக்குத்தான் முதன்முதலாக மனுசன் வீட்டில் இருந்தாராம். சொல்லிவிட்டுக் கை தூக்கினார்.

மாஸ்டர் ஸ்டேஷன் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார், சின்னப் பெடியன் மாதிரி.

போகிறவர்களுக்கு: தேநீரோடு ஆளுக்கு ஐந்து பவுண். மண்டபத்தில் ஹீட்டர் ஒரு பக்கம்தான், சுவெட்டர் எடுங்கள். ரோல்ஸ் கொண்டுபோனால் ஒரு டசின் காணாது. இடம் தேடி இருக்கும்போது பிரிட்டன் நடத்துபவருக்குப் பக்கத்தில் இருங்கள். நீங்கள் நல்லபடி விளையாடினால் அவருக்கு நாள் முழுக்க வேலையே இருக்காது, ஆறுதலாகக் கதைக்கலாம்.