சரசுவை எழுப்பி நடக்க வைத்த அம்மன்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டு. தீபாவளி கழிந்த வாரத்தில் என் மைத்துனர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அவருடைய தங்கைக்கும் அதே வலி வந்தது. அவள்தான் என் மனைவி சரஸ்வதி. தமிழ் வம்சத்தார் வீட்டில் மலாய் பேசும் கம்போங் செட்டியில் பிறந்தவள். தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கருவாடும் இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அவள் உயிரைக் கொடு தாயே என்று அழுதேன். அம்மன் கொடுத்தாள். பல வாரம் படுக்கையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "கொழுப்பும் உப்பும் குறைக்கணும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்" என்றார் டாக்டர்.

வந்தவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நடந்தால் இதயம் நின்றுவிடும் என்று பயம். பஸ் ஓட்டப் போகுமுன் கீரையும் அவித்த மீனும் சமைத்து வைப்பேன். மாலையில் வந்து பார்த்தால் அப்படியே ஆறிக் கிடக்கும்.

"அண்ணனே போயிட்டாரு. என்னை விட்டுடுங்க" என்பாள்.

உயிரோடு இருப்பவளுக்கு நான் துக்கம் காத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சன்னதியில் கேட்பதற்கு வார்த்தையே வரவில்லை. "என்னால முடியலம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பினால், மைத்துனரின் மனைவி லெட்சுமியக்கா சரசுவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த வீடுதான். பின்வாசல் வழியாக வந்திருந்தார். கணவர் போனபிறகு தெருவில் இறங்கியதே இல்லை. அவர்கள் மலாயில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"தனியா வெளியே போக எனக்குப் பயமா இருக்கு, சரசு. என்கூட வர்றியா? பெலான்-பெலான், மெள்ள மெள்ளப் போவோம். உனக்கு மூச்சு வாங்கினா நிப்போம்."

"வழியில நான் விழுந்துட்டா, அண்ணி?"

"நானும் பக்கத்துல உக்காந்துக்குவேன்."

சரசு குனிந்து செருப்பைத் தேடினாள்.

அன்று தெருமுனை வரைதான் போனார்கள். கோயிலை எட்டுவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. நடந்து வந்தவளுக்குப் பசித்தது. உப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மீனைச் சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் சோறு இப்போது திருவிழாவுக்கு மட்டும், எனக்கும் அப்படித்தான்.

அவள் இதயம் முழுதாகக் குணமாகவில்லை. மேடு ஏறினால் இன்றும் மூச்சு இரைக்கிறது. சில நாள் இரண்டு பெண்களும் அழுதுகொண்டேதான் நடக்கிறார்கள். ஆனாலும் நடக்கிறார்கள்.

அன்பர்களே, கேட்கத் தெரியாமல் நின்றவனுக்கும் தாய் கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் ஒருவர் பயந்து உட்கார்ந்திருந்தால் அந்தத் தாயிடம் சொல்லி அழுங்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய், அவர் தட்டில் இருப்பதையே நீங்களும் சாப்பிட்டு, அவரோடு தெருவில் இறங்குங்கள்.