ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு

பானை மூடிக்குப் பக்கத்தில் இடது காதைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார் நோஷிர். உள்ளே துவரம் பருப்பும் மசூர் பருப்பும் பூசணியும் கத்தரிக்காயும் வெந்தயக் கீரையும் ஆட்டுக்கறியோடு கொதிக்கின்றன. "சத்தம் இன்னும் கரகரன்னு இருக்கு. பத்து நிமிஷம்" என்று தீர்ப்புச் சொல்கிறார்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பம்பாயின் பழைய கட்டடங்களில் மோட்டாரின் மேல் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் நான்காவது மாடிக்கு மூச்சிரைக்கப் படியேறித்தான் வருவார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே, தெஹ்மி" என்பார். எதிர்வீட்டுக்காரியான நான் அதைக் கேட்ட பிறகும் லிஃப்டில்தான் போகிறேன், வேண்டிக்கொண்டு.

வாரத்தில் ஆறு நாள் சமையலறை அவர் மனைவி ஆலூவுடையது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே நிற்க இடமில்லை. மகள் தினாஸ் வெங்காயம் உரிக்கலாம், மசாலா இடிக்கலாம். மூடியைத் தொடக் கூடாது. ஆலூ வாசலில் நின்றபடி, "ஒரு துண்டு வெல்லம் போடேன்" என்பாள்.

"இனிப்பு வேணும்னா கல்யாண வீட்டுக்குப் போ."

"முதல்ல உன் பொண்ணுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணு, போறேன்."

தினாஸுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயின. ஒரு தடவை கண்ணாடி உடைந்தது, இன்னொரு தடவை யாரோ தும்மினார்கள் என்று ஆலூ காரணம் வைத்திருக்கிறாள். கடைசியில் தினாஸே பார்த்துப் பிடித்துப்போன புனே பையன் ஹோஷங், பெண் கேட்கப் பெற்றோரோடு ஒரு புதன்கிழமை வருவதாக ஏற்பாடு.

போன மாதம், அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிறு, பன்னிரண்டு மணி. தினாஸின் போன் அடித்தது. ஹோஷங்தான். "கீழதான் நிக்கறோம். அம்மாவுக்குப் பொறுக்கல."

ஆலூ போட்ட கூச்சலில் நான் ஓடிப்போனேன். எங்கள் பார்சிகளில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் கறி கிடையாது. நான்காம் நாள் இந்தப் பருப்பில்தான் மறுபடி கறி சேரும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாம், குற்றமில்லை. நல்ல காரியம் பேசும் நாளில் மட்டும் இதை அடுப்பேற்றக் கூடாது.

"பானையைத் தெஹ்மி வீட்டுக்குக் கொண்டு போங்க!" என்றாள் ஆலூ.

நோஷிர் ஒரு பக்கமும் தினாஸ் மறுபக்கமுமாகத் தூக்கி வந்தார்கள். "ஆட்டாத! குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கு!" என்று அவர் கெஞ்சிக்கொண்டே வந்தார். என் அடுப்பில் வைத்துத் தீயைக் குறைத்துவிட்டுத் திரும்பவும் லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

பையனின் அம்மா கூமி, தேங்காயும் சர்க்கரையும் வைத்த வெள்ளித் தட்டை மேஜையில் வைத்தாள். உட்கார்ந்ததும் மூக்கை உயர்த்தினாள். "தான்சாக் பருப்பு வாசனை வருதே?"

"எதிர்வீட்டுல" என்று ஆலூ என்னைக் காட்டினாள்.

கூமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, யாரும்மா போயிட்டாங்க?"

என் வீட்டில் நானும் ஒரு பூனையும்தான். பூனையைச் சாகடிக்க மனம் வரவில்லை. "தூரத்துச் சித்தப்பா" என்றேன்.

"பாவம். துக்கத்துல அடுப்பைக் கவனிக்கல போல. அடிப்பிடிச்ச வாசனை வருது."

நோஷிர் எழுந்துவிட்டார். ஆலூ சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. "அடிப்பிடிச்சுதா? அது என் பருப்பு! சித்தப்பாவும் இல்ல, எவனும் சாகல!" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் துணி சுற்றிப் பானையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கூமியின் கை தேங்காயின் மேல் போனது. ஆலூ முகத்தை மூடிக்கொண்டாள். தினாஸைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது நோஷிருக்கு உறைத்தது. "நானே கெடுத்துட்டேனா, கண்ணு?" என்றார்.

அதுவரை வாய் திறக்காத பையனின் அப்பா பெஸி தொண்டையைச் செருமினார். "ஹோஷங், நாம என்னைக்கு வரதாச் சொன்னோம்?"

"புதன்கிழமை, பப்பா."

"அப்ப பொண்ணு கேக்க நாம இன்னும் வரவே இல்ல. கூமி, தேங்காயைப் பைக்குள்ள வை. புதன்கிழமை எடுக்கலாம். இன்னைக்குச் சும்மா இந்தப் பக்கம் வந்தோம், பசிக்குது."

கூமி பானையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தேங்காயைப் பைக்குள் வைத்து, "தொட்டுக்கக் கச்சும்பருக்கு வெங்காயம் நான் நறுக்கவா?" என்றாள்.

பருப்பு லேசாக அடிப்பிடித்துத்தான் இருந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நோஷிர் நின்றுகொண்டே பரிமாறினார். பானையில் இருந்தது ஒரே ஒரு நல்லி எலும்பு. ஞாயிறுதோறும் அது தினாஸுக்குத்தான். பழக்கத்தில் அவள் தட்டை நீட்டினாள். அவர் கரண்டியில் நல்லியை எடுத்து அவள் தட்டுவரை கொண்டுபோனார்; நிறுத்தினார். மேஜை விரிப்பில் பருப்பு சொட்டியது. பிறகு கரண்டியை மெதுவாகத் திருப்பி, ஹோஷங்கின் தட்டில் நல்லியை வைத்தார்.