சாயத்தண்ணீருக்கு ஒரு ஜெபம்

தொண்ணூறுகளில் திருப்பூரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். எந்தப் பாடமானாலும் விசுவாசத்தோடு இணைத்துச் சொல்வது அங்கே வழக்கம். நீர் மாசு பாடத்தன்று, "நொய்யல் ஆத்தைக் கெடுத்தா அதைப் படைச்சவருக்குப் பதில் சொல்லணும்" என்றேன். முன்வரிசையில் ஒரு மாணவி தலைகுனிந்தாள். அவள் அப்பா சாயப்பட்டறை முதலாளி; எங்கள் சபை மூப்பர்; பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருந்தார்.

மறுநாள் அவர் வகுப்பு வாசலில் நின்றார். கையிலிருந்த பாட்டிலில் சிவப்புத் தண்ணீர். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஏனுங்க டீச்சர், என்ற புள்ளைக்கு என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நேத்துச் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ண உக்காந்தனுங்க. புள்ள நம்ம பட்டறை வாய்க்கால்ல மோந்த தண்ணியத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சு, 'இதுக்கும் சேத்துப் பண்ணுங்கப்பா'ங்கறா. எனக்கு வாயே வரலீங்க. சோறும் எறங்கல."

பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார்.

"நீங்கதான சொன்னீங்க. நீங்களே பண்ணுங்க."

பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். 'இவரை மன்னியும்' என்று தொடங்கத்தான் கண்ணை மூடப் போனேன். குனிந்தபோது என் சேலை கண்ணில் பட்டது. சாயம் ஏறாத நூல் ஒன்றுகூட அதில் இல்லை.

"எங்களை மன்னியும்" என்றேன்.

"ஆமென்" என்று முதலில் சொன்னது அவர்தான்.