நெஞ்சுக்குள் ஒரு பூனை

செஞ்சியில் நெல் வரத்து தொடங்கிவிட்டால் கமிட்டி என்று நாங்கள் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் முழுக்க மஞ்சள் மூட்டம்தான். நெல்லைக் கொட்டிக் குவிக்கும்போது எழும் சுணை வெயிலில் மிதந்து, எதிரே நிற்கும் ராஜகிரி மலையையே கரைத்துவிடும். அதற்குள் நின்று மூட்டை தூக்குகிறவர் எழிலரசன், என் பக்கத்து வீட்டுக்காரர். மாலையில் அவர் தெருமுனை திரும்பும்போது கனவிலிருந்து நடந்து வருகிற ஆளாகத் தெரிவார். தலை, புருவம், சட்டை எல்லாம் பொன்தூள். நான்கு வயது மகள் அனு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நாள் முழுக்க அவர் சுமந்தது அதற்காகத்தான்.

சோறு உண்பதற்குள் அவளுக்கு இருமல் வரும். பிறகு மூச்சில் மெல்லிய விசில். "நெஞ்சுல பூனை இருக்குது" என்பாள். ஒருநாள் பூனை அடங்கவேயில்லை. விலா உள்ளே இழுக்க, பேச முடியாமல் கிடந்தவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அன்று அவருக்குள் புகுந்தது.

வாழைப்பழம் நிறுத்தினார்கள், தயிர் நிறுத்தினார்கள், ஏரிக்காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தினார்கள். நான் ஐஸ் மேல் பழி போட்டேன். யோசனை சொல்ல நமக்கென்ன செலவு.

டாக்டர் ஷோபனா மட்டும், எப்போதெல்லாம் வருகிறதென்று எழுதிவரச் சொன்னார். பத்து நாள் கழித்து, அனுவின் அம்மா ஜெயஸ்ரீ காலண்டர் தாளில் எழுதியதை அவர் வாசித்தபோது எழிலரசனும் நானும் கூட இருந்தோம்.

"திங்கள், நைனா வந்ததும். செவ்வாய், நைனா வந்ததும்."

கமிட்டி லீவான ஞாயிறு ஒன்றுமில்லை. எழிலரசன் ஒரு கல்யாணத்துக்காக அவலூர்பேட்டையில் தங்கிய நாளும் ஒன்றுமில்லை. ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். நான்காம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார் மனிதர்.

"அப்போ நான் வூட்டுக்கே வரக்கூடாதா டாக்டரம்மா?"

"நீங்க வாங்க. சுணை ஒட்டின அந்தச் சட்டை வர வேணாம். தினசரி மூச்சுல இழுக்கிற மருந்து பம்ப்பை, கொழந்தை நல்லா இருந்தாலும் நிறுத்தாதீங்க. இழுப்பு வந்தா நீல பம்ப், குழாய் மாட்டி. அதுக்கும் அடங்கலேன்னா ஒடனே கெளம்பி வந்துடுங்க. பம்ப் பழகிடும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க."

அப்படிச் சொன்ன யாரோ நான்தான். சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அவர் கமிட்டிக் குழாயடியிலேயே தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டு வருகிறார். ஒரு வாரம் போயிருக்கும். அனு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"பூனைய இட்டுனு வர்லியா நைனா? தெனமும் நீதான இட்டுனு வருவ."

ஊரையெல்லாம் கேட்ட நாங்கள் அவளைக் கேட்கவில்லை. எழிலரசன் அவள் மார்பில் காதை வைத்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.