நாற்காலிப் பரீட்சை

முதியோருக்கான ஆரோக்கிய மாநாடு என்று எங்கள் தெருவில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போன அன்றே, இதில் ஏதோ இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். அனுமதி இலவசம், பரிசோதனை இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். அறுபது தாண்டியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சும்மா சோறு போட யாருக்கு என்ன வேண்டுதல்?

நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். கனகம்மாசத்திரத்தில் ஏறினேன் என்றால் திருத்தணி வருவதற்குள் யார் டிக்கெட் வாங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேலைதான் ஓய்ந்தது, அந்தப் புத்தி ஓயவில்லை. போன வருஷம் என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து என் கண் முழுக்க மனைவியின் மேல் திரும்பிவிட்டது. அவளுக்கு அறுபத்தாறு வயது. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகாதே என்றேன். துணி காயப்போட மாடிக்கு ஏறாதே என்றேன். கே.ஜி.கண்டிகையில் இருக்கிற தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போவதையும் நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மாதாமாதம் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணி மலைப்படி ஏறப் போவதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. முருகன் காரியத்தில் குறுக்கே நிற்க எனக்கே பயம். என் முட்டி தேய்ந்துபோனதால் நான் போவதில்லை. காலையில் கிளம்புவாள், மதியம் வந்து என் நெற்றியில் விபூதி வைப்பாள். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறுகிற கால் அத்தனை சீக்கிரம் விழாது என்று சமாதானம் செய்துகொள்வேன்.

மாநாட்டுக்கும் போயே ஆகவேண்டும் என்று நின்றாள். "தெருவே போவுதுங்க. நாம மட்டும் வூட்ல குந்திகினு இன்னா பண்றது?" சரி, காவலுக்கு நானும் போனேன்.

மேடையில் ஒரு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. கடைசியில் காந்தப் படுக்கையோ மூலிகை எண்ணெயோ வெளியே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும், சிறுநீர் கழிக்கப் போகிறவன் போல எழுந்து போய் ஒன்றைத் திறந்தேன். குளியலறையில் போடுகிற, வழுக்காத ரப்பர் மிதியடிகள். சட்டையில் அட்டை குத்தியிருந்த அமைப்பாளர் ஒருவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஐயா, அது எல்லாருக்கும் போறப்ப குடுக்கறதுதாங்க. இப்பவே ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

"எதுக்குக் குடுக்கறீங்க?"

"விழாம இருக்கறதுக்குதாங்க."

விற்கிறவனையாவது நம்பலாம், அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். இந்த ஆளை என்னால் நம்பவே முடியவில்லை. கையெழுத்து எதுவும் போடாதே என்று திரும்பி வந்து மனைவியின் காதில் ஓதினேன்.

சாப்பாட்டுக்கு முன் பரிசோதனை. சென்னையிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவர், கையில் படிவத்தோடு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நிற்காமல் எத்தனை படி ஏறுவீர்கள் என்பது ஒரு கேள்வி. முதல் வரிசையில் இருந்தவர் முந்நூற்று அறுபத்தைந்து என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர்கூடச் சொன்னார். எங்கள் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? நாலு பேருக்கு முன்னால் மலைப்படி ஏற முடியவில்லை என்று ஒத்துக்கொண்டால், சாமியே நம்மைக் கழற்றிவிட்டது போல ஆகிவிடும். நானும் வாய் கூசாமல் அதையே சொன்னேன். என் பக்கத்தில் ஆட்டோ மெக்கானிக்காக இருந்த பாய் உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இவங்க அத்தினி பேரும் மலைக்கு ஆட்டோல போறவங்க சார். எந்த ஆட்டோல போறாங்கன்னுகூட எனக்குத் தெரியும்."

மனைவியின் முறை வந்தது. "ஆங், முந்நூத்தி அறுபத்தஞ்சு. கிருத்திகைக்குக் கிருத்திகை ஏறிகினுதான் கீறேன்" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்தி சொன்னதுதான் உண்மை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு நாற்காலிப் பரீட்சை வைத்தார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு முறை எழுந்தேன். அவள் முதல் தடவை பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தாள். "பொடவை தடுக்குது" என்று சிரித்தாள். இரண்டாவது தடவை மார்பிலிருந்த கை தானாக அவிழ்ந்து நாற்காலியைப் பிடித்தது. மூன்றாவது தடவை எழவே இல்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டிக்கெட் இல்லாதவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை அது.

சாப்பிடும்போது அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவைத் தனியாகப் பிடித்து, நாற்காலியிலிருந்து எழ முடியாதவர் மலைப்படி ஏற முடியுமா என்று கேட்டேன். "ரொம்பக் கஷ்டம் ஐயா. ஏறிட்டாலும் இறங்கறது இன்னும் கஷ்டம்" என்றார். போன கிருத்திகை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலையிலிருந்து மதியம்வரை இவள் எங்கே இருந்தாள்? பெரிய வியாதி எதையாவது மறைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாளா? யாராவது சாமியாரிடம் மாட்டிக்கொண்டாளா? அமைப்பாளர் கொடுத்த மிதியடியைக்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஜாக்கிரதையாகிவிடுவாள் என்பது என் கணக்கு. மூன்று வாரம் பொறுத்து, அடுத்த கிருத்திகையன்று அவள் ஏறிய ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் இன்னொன்றில் போனேன்.

அடிவாரத்தில் இறங்கினாள். முதல் படியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். அவ்வளவுதான். ஓரமாகப் பூ விற்கிற அம்மாவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, நாரை எடுத்துப் பூக் கட்ட ஆரம்பித்தாள். டீ வந்தது, குடித்தாள். போகிற வருகிற காவடிகளைக் காட்டி இருவரும் ஏதோ பேசினார்கள். என் மனைவி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மலையிறங்கி வந்த ஒரு பெண்ணிடம் கை நீட்டிக் கொஞ்சம் விபூதி வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். எனக்கு வைக்கிற விபூதி.

நான் ஒளிந்து நின்ற கடை மறைவிலிருந்து வெளியே வந்து அவள் எதிரில் நின்றேன்.

"இன்னா இது? எத்தினி மாசமா நடக்குது?"

அவள் பதறவில்லை. கையிலிருந்த சரத்தை மடியில் வைத்தாள்.

"ஒரு வருசமா முட்டி தூக்கலீங்க. சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? மார்க்கெட்டு போவாதேன்னீங்க, போவல. தங்கச்சி வூடு வேணான்னீங்க, விட்டுட்டேன். படி ஏற முடியலன்னு தெரிஞ்சா இதையும் நிறுத்திடுவீங்க. சாமி பேரைச் சொன்னாதான் நம்ம வூட்டுக் கதவு தொறக்குது."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் "இனிமே நீ வரவேணாம்" என்ற வார்த்தை அதற்குள் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றிருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலுள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான், என் வீட்டில் ஒருத்தி என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வூட்டுக்குப் போறேன். நீ மெதுவா வா" என்றேன்.

"நெசமாவா?"

"ஆங்."

நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், அடிவாரக் குளத்துத் திருப்பத்தில் முடியாமல் பார்த்துவிட்டேன். அவள் பூவை இன்னும் கையில் எடுக்கவில்லை. நான் உண்மையிலேயே போகிறேனா, எங்கேயாவது மறைந்து நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.