கன்றுக்குட்டிக்கு உத்தரவு இல்லை

போன மாதம் ஒரு கன்றுக்குட்டிக்காக ஓர் ஆபீசரோடு மல்லுக்கட்டினேன். ஜெயித்தேனா? சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். புண்ணாக்கு மூட்டை சுமந்தே பாலக்கரையில் சொந்தமாகத் தீவனக் கடை போட்டவன். மாட்டு விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது. அதனால்தான் சவரியம்மாள் என்னைத் தேடி வந்தாள். மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவள். வானம் பொய்த்தால் அவள் வீட்டு அடுப்பும் பொய்க்கும்.

அவளைப் போன்ற விவசாயிகளுக்கு சர்க்காரில் கறவை மாடு கொடுக்கிறார்கள். கொஞ்சம் மானியம், மீதி பாங்க் கடன். அவளுக்கும் ஒரு சினைப்பசு வாங்கியாயிற்று. ஆனால் வீட்டுக்கு ஓட்டிப்போகக் கூடாது. ஏன்? ஒரு பெரிய மனிதர் மேடையேறித் தன் கையால் கயிற்றைக் கொடுக்க வேண்டுமாம். அவருக்கோ ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், இன்னொரு நாள் சமயபுரத்தில் வேண்டுதல்... பசு மருங்காபுரி ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றது. தினம் நடந்து வந்து புல் போட்டது மட்டும் சவரியம்மாள்.

விழாவைத் தள்ளிப் போடலாம். பிரசவத்தை? பசு அங்கேயே கன்று போட்டுவிட்டது. பெண் கன்று வேறு, கிடேரி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை — ஆபீசர் வாயைத் திறக்கும்வரை.

“உத்தரவு ஒரு மாட்டுக்குத்தாம்மா. கன்னுக்குட்டிக்கு இல்லை. விழாவுக்கு முந்திப் பொறந்ததால அது சர்க்கார் சொத்து. இங்கேயே இருக்கட்டும்.”

கன்று இல்லாமல் பசு பால் சுரக்குமா? பால் இல்லாமல் பாங்க் தவணையை எதைக் கொண்டு கட்டுவாள்? மாட்டோடு கடனையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் போனேன். சில்க் ஜிப்பாவில்தான் போனேன்.

“சார், தாய் வீட்டுக்குப் போகுது. புள்ளைக்கு ஆபீஸ்ல என்ன வேலை போட்டுக் குடுத்திருக்கீங்க?”

“மேலிடத்துக்கு எழுதியிருக்கேன் பெரியவரே. பதில் வரட்டும்.”

“அதுக்குள்ள இதுவே ஒரு கன்னு போட்டுடுமே. அதுக்கும் எழுதுவீங்களா?”

“எழுதத்தான் வேணும்,” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

சவரியம்மாள் என் பக்கம் குனிந்து, “விடுங்கய்யா, கோவத்துல மாட்டையும் நிறுத்திடப் போறாங்க,” என்றாள்.

வட்டிக்காரனை வழிக்குக் கொண்டு வந்தவன் நான். லாரிக்காரர்களை மடக்கியவன் நான். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்கிற மனிதரை என்ன செய்ய?

ஒருவழியாக விழாவும் வந்தது. மேடை, மைக், மாலை. சவரியம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். பசு நாலடி நகர்ந்ததும் மரத்தடியில் கட்டியிருந்த கன்று கத்தியது. பசு நின்றுவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள்... ம்ஹூம். போட்டோக்காரர் கேமராவோடு காத்திருந்தார். பெரிய மனிதர் வெயிலில் காத்திருந்தார்.

“அந்தக் கன்னை அவுத்து விடுங்கய்யா. யாரோடது அது?” என்றார் எரிச்சலாக.

ஆபீசர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“இந்தம்மாவுக்குத்தாங்க. மாட்டோட கன்னையும் சேர்த்தே தர்றோம்.”

கைதட்டல் காதைப் பிளந்தது. மாடு கேட்ட ஏழைக்குக் கன்றும் கொடுத்த அரசு என்று மைக்கில் முழங்கினார்கள். சவரியம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டையும் ஓட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

ஆக, ஜெயித்தது பசு. பெயர் வாங்கியது ஆபீசர்.

மேலிடத்துப் பதில் இன்னும் வரவில்லையாம்.