ரக்பியில் என் முதல் ஐந்து புள்ளி

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ரக்பி பந்தையே பார்த்தேன். அதுவரை பாலக்கோட்டுப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்தவள். எங்கள் கல்லூரியில் அந்த வருஷம்தான் பெண்கள் அணி தொடங்கினார்கள். ஏழு பேர். பந்தை அணைத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓடி, தரையில் அழுத்தி வைத்தால் ஐந்து புள்ளி. முன்னால் வீசக் கூடாது. பின்னால் வருகிறவளிடம்தான் கொடுக்கலாம். நான் குள்ளம், ஆனால் வேகம். ஓரத்தில் ஓடும் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

முதல் மாநிலப் போட்டியில் கோட்டைத் தாண்டிய சந்தோஷத்தில் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பின்னால் துரத்தி வந்த எதிரணிக்காரி ஒரே தட்டு. பந்து உருண்டு போயிற்று, புள்ளியும் போயிற்று. தோற்றுத் திரும்பும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீங்கிய தோளைப் பார்த்து அம்மா கத்தினாள். "மாடு முட்டுனாப்பல வந்து நிக்கற. இதெல்லாம் ஒரு ஆட்டமாடி? நாளைக்கு தக்காளி பறிக்க வா, போதும்."

"ஒரு வருசம் உடும்மா. செயிக்கலீன்னா நானே உட்டுடறேன்."

அம்மா முறைத்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாள் நான் பயிற்சிக்குக் கிளம்பியபோது இரண்டு முட்டை அவித்து வைத்திருந்தாள்.

காய்ப்பு ஓய்ந்த எங்கள் தக்காளி வயலில் செடிகளைத் தாங்க ஊன்றிய குச்சிகளைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். எதிலும் உடம்பு படாமல் அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓடினேன், தினமும்.

அடுத்த வருஷம் சேலத்தில் இறுதி ஆட்டம். அம்மா முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள். கடைசி நிமிடம், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் கேப்டனை இரண்டு பேர் பிடித்துச் சாய்த்தார்கள். விழுந்துகொண்டே பந்தை என்னிடம் தள்ளினாள். எனக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆளை வலப்பக்கம் சாய்ந்து ஏமாற்றி இடப்பக்கம் போனேன். இரண்டாமவள் சட்டையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டே ஓடினேன், பிடி நழுவியது. மூன்றாமவள் பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தாள். நானும் விழுந்தேன். கோடு ஒரு கை தூரத்தில். கையை எட்டி நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் அழுத்தினேன்.

விசில் ஊதுவதற்குள் அம்மா மைதானத்துக்குள் வந்துவிட்டாள். "சார், எம் பொண்ணு பந்த வச்சுட்டா! நல்லா பாத்துக்கங்க சார்!"

நடுவர் சிரித்தபடி கையை உயர்த்தினார். ஆறு பேரும் என்மேல் வந்து விழுந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில், டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் அம்மா சொன்னாள்: "எம் பொண்ணுங்க இது. ஏழு பேத்தயும் சாச்சுட்டு வந்திருக்குதுங்க." மூன்று பேர்தான் என்று நான் திருத்தப் போகவில்லை.

அதற்குப் பின் ஐந்து வருஷம் ஆடினேன். மூன்று முறை மாநில அணியின் சட்டையைப் போட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரூரில் வேலையும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில் 'சிறப்புத் தகுதி' என்ற இடத்தில் ரக்பி என்று எழுதினேன். எழுத்தர் நிமிர்ந்து, "அப்படீன்னா என்னங்க?" என்று கேட்டார். எழுந்து நின்று, மேசையிலிருந்த ஃபைலைப் பந்துபோல அணைத்துக்கொண்டு ஓடிக் காட்டியே விளக்கினேன்.